காற்றாலைக்குக் கை தூக்கியவள்

அந்த ஊரில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு நாள் அவள் எதிரில் தாடையை நிமிர்த்தி உட்கார்ந்தவர்கள்தான். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு கடை. சுவரில் எழுத்து அட்டை, மேஜையில் கண்ணுக்கே தெரியாத திருகாணிகள் போட்ட டப்பா, மூலையில் வில்லை தேய்க்கும் இயந்திரம். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடிக்காரம்மா என்றால் போதும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் மாடியில் அவள், கீழே அக்கா. அத்தான் போய்ச் சேர்ந்து, அக்காவின் மகனும் வெளியூரில் வேலை தேடிக்கொண்ட பிறகு இரண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான். இன்றைக்கு யார் சமைப்பது என்று தினமும் ஒரு சண்டை வரும். சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஊருக்கு மேற்கே ஒரு மலை. அதன் முதுகில் வரிசையாகக் காற்றாலைகள் நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊர் கொதித்துப்போயிற்று. மின்சாரம் தலைநகரத்துக்கு, இரைச்சல் நமக்கா என்று கேட்டார்கள். மலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று கிளம்பியது. கிளப்பியது அக்காதான். விடிந்ததும் அந்த மலையில் ஏறி இறங்காவிட்டால் அக்காவுக்கு அன்றைய பொழுது ஓடாது. நகர மன்றத் தேர்தல் வந்தபோது குழுவின் சார்பில் தங்கையை நிறுத்தியதும் அக்காதான்.

"எனக்கு வாய் நீளம், வேண்டாதவங்க ஜாஸ்தி. நீ ஊருக்கே கண் பார்த்தவ. உனக்குப் போடமாட்டேன்னு எவன் சொல்லுவான்?"

அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தங்கை ஜெயித்தாள்.

மன்றத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அனல் மின் நிலையம் இருந்தது. மலையில் காற்றாலை வந்தால் அதைப் படிப்படியாக மூடுவது என்பது அரசாங்கத்தின் திட்டம். இங்கே வேண்டாம் என்றால் அங்கே புகை நிற்காது.

அந்தப் பக்கத்து ஜனங்களும் அவள் கடைக்குத்தான் வருவார்கள். காற்றோடு வந்து படியும் நிலக்கரிச் சாம்பலைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து, அவர்கள் கண்ணாடி வருஷம் திரும்புவதற்குள் கீறல் விழுந்து மங்கிப்போகும். அவள் புது வில்லை மாட்டிக் கொடுப்பாள். கடை வருமானத்தில் பாதி அந்தச் சாம்பல் போடுகிற சோறுதான். இது அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யும்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள்.

காற்றாலைக்கு அனுமதி தருவதா என்று மன்றத்தில் நடக்கவிருந்த ஓட்டெடுப்புக்கு முந்தின நாள், சாப்பிடும்போது அக்காவிடம் பேச்சை எடுத்தாள்.

"காற்றாலை எண்ணிக்கையைப் பாதியாக் குறைக்க கம்பெனிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க அக்கா. நீ நடக்கற பக்கம் ஒண்ணும் வராது. ஊர்த் தண்ணி பம்புக்குக் கரண்ட் தர்றதா எழுதியும் தர்றாங்க."

"எழுதறதுக்கு என்ன, பேனா அவன் கையில இருக்கு."

"அந்தப் பக்கம் பிளான்ட்டை மூடிடுவாங்க."

"மூடறேன்னு சொன்ன எதையாவது அவங்க மூடி நீ பார்த்திருக்கியா? மலையையும் வெட்டுவான், அதையும் ஓட்டுவான். பார்த்துக்கிட்டே இரு."

"அப்ப அந்த ஜனங்க என்னதான் பண்ணுவாங்க?"

அக்கா கையைத் தட்டிலேயே உதறினாள். "உன்னை மன்றத்துக்கு அனுப்பினது அந்த ஜனங்க இல்லடி. நாங்க."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் மன்றத்தில் இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது. அவள் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான். பார்வையாளர் வரிசையில் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். தலைவர், "ஆதரிப்பவர்கள்" என்றார். அவள் கையைத் தூக்கினாள். பின்வரிசையில் யாரோ நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. கூட்டம் முடியும்வரை இருந்து, மற்றவர்களோடு வரிசையாக வெளியே போனாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியின் முதல் படியில் அவளுடைய தட்டு, தம்ளர், அவள் காசில் வாங்கிய குக்கர் மூன்றும் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. குக்கரின் மூடியைக்கூட அக்கா பொருத்தி மூடியிருந்தாள். கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டவில்லை. இரண்டு நடையில் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோனாள்.

ஊர் அவளை ஒதுக்கியது. ஆனால் பாவம், ஊரில் வேறு கண்ணாடிக்கடை இல்லை. அதனால் ஆள் வராது, கண்ணாடி மட்டும் வரும். யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். காதுப்பக்கம் சரியாக வளைக்க முகம் வேண்டுமே, அது வராது. குழுவின் பொருளாளர் தன் கண்ணாடியின் உடைந்த காம்பை நூல் சுற்றிக் கட்டிக்கொண்டே பல மாதம் ஓட்டினார். பேக்கரியில் நின்று டீ குடிக்கிறவர்களுக்கு நல்ல பேச்சு கிடைத்தது. "எல்லாருக்கும் பவர் பார்த்துச் சொன்னவ, தனக்குப் பவர் வந்ததும் ஆளே மாறிட்டா." இடையில் ஒரு சுவர்தான். சிரிப்பு முழுசாகக் கேட்கும். முதல் தடவை கேட்டபோது, நன்றாகத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்கே தோன்றியது. அதைச் சொல்லிச் சிரிக்க அக்கா இல்லையே என்று அடுத்த நிமிஷம் தோன்றியது.

சரி, கை தூக்கின பக்கத்திலாவது சேர்த்துக்கொண்டார்களா? கம்பெனி அதிகாரி ஒரு பூங்கொத்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஆதரித்த உறுப்பினர்கள், இன்றைக்கு இங்கே வந்தவள் நாளைக்கு எங்கே போவாளோ என்று தள்ளியே உட்கார்ந்தார்கள். மன்றத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

வேலை தொடங்கியது. மலைக்கு ஒரு பாதை வெட்டினார்கள். தூண்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்டினார்கள். அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. புது அமைச்சர், காற்றாலையால் மின்கட்டணம் ஏறும் என்று ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினார். அனல் மின் நிலையத்துக்கு ஆயுள் நீட்டிப்பு கிடைத்தது. மழை பெய்தபோது வெட்டின பாதை கரைந்து செம்மண் கடைத்தெருவரைக்கும் இறங்கியது. வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து அவள் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

அக்கா சொன்னது அப்படியே நடந்துவிட்டது. நான் அப்பவே சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை கேட்க வருவாள் என்று அவள் காத்திருந்தாள். படியில் எதிரெதிரே வந்த போதும் அக்கா ஒதுங்கி வழிவிட்டாளே தவிர வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அது ஒரு பேச்சு.

நின்றுபோன வேலையை மறுபடி தொடங்கச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டு அவள் பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போனாள். நீளமான தாழ்வாரத்தில் பாதி நாள் உட்கார வைத்த பிறகு மின்துறைத் துணைச் செயலாளர் ஒருவர் உள்ளே கூப்பிட்டார். மரியாதையான மனிதர்தான்.

"உங்க ஊரே வேண்டாம்னுதானே மேடம் சொல்லுது?"

"நான் வேணும்னு சொன்னேன் சார்."

"நீங்க ஒருத்தர்தானே."

"ஒரு ஓட்டுலதான் சார் அது பாஸாச்சு."

அவர் சிரித்தார். அதில் கேலி இல்லை. மனுவை வாங்கி ஒரு கட்டின்மேல் வைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி, எந்த ஊருக்குப் போறீங்க என்று கேட்டாள். அன்றைக்கு அவளிடம் தானாகப் பேசிய ஆள் அந்தப் பெண் ஒருத்திதான். கண்ணாடிக்காரம்மா தேவைக்கு மேலேயே பதில் சொன்னாள். இறங்கும்போது வெட்கமாக இருந்தது.

அடுத்த தேர்தலில் அவள் நின்றாள். அக்கா குழுவின் வேறு ஆளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். தங்கை தோற்றாள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, அவள் உட்பட.

அப்புறம் வெளிநாட்டு நிலக்கரி விலை தாறுமாறாக ஏறியது. அதே அமைச்சர், காற்றாலை தன்னுடைய நெடுநாள் கனவு என்றார். மலையில் மூன்று நிறுத்தினார்கள். திறப்பு விழாவில் அவளுக்கு நாற்காலி இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். பெரிய பெரிய இறக்கைகள் அவசரமே இல்லாமல் சுற்றின. அழகா, அசிங்கமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு புகைபோக்கிகளில் ஒன்று நின்றது. இன்னொன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்கள் கடைக்கு வருவது குறைந்தது. யாரும் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடி கீறவில்லை, எதற்கு வருவார்கள்?

அந்த வருஷமே அக்கா மகனோடு போய்விட்டாள். சாமான்களை வண்டியில் ஏற்றுவதை அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போகலாமா என்று படிவரைக்கும் வந்தாள். மகன் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் காலெடுத்து வைக்கவில்லை. சாவியை மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது.

சில வாரம் கழித்துக் கீழ்வீட்டில் ஒருவர் குடிவந்தார். நடுவயது, தனி ஆள், காற்றாலைகளைப் பராமரிக்கிற மெக்கானிக். சாயங்காலம் மேலே வந்து வாசலில் நின்றார்.

"கீழ வந்திருக்கேங்க. சொல்லிட்டுப் போலாம்னு."

"நீங்க மலையில வேலை பார்க்கறது வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. போன்லயே சொல்லிட்டேன். 'அந்த மலையிலயா'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம், 'யாரா இருந்தா என்ன, வீட்டைப் பார்த்துக்கிட்டாச் சரி'ன்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"மேல யார் இருக்காங்கன்னு கேட்டேன். 'என் தங்கச்சி இருக்கா. சீக்கிரம் படுத்துடுவா, சின்னச் சத்தத்துக்கும் முழிச்சுக்குவா. கதவை மட்டும் அடிச்சுச் சாத்தாதீங்க'ன்னாங்க. அதான், ஏதாவது சத்தம் கேட்டா தயங்காம சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள். உட்காரச் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

நல்ல மனிதர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். காலையில் கிளம்புவதும் சாயங்காலம் திரும்புவதும் தெரியாது. கதவைக் கையால் பிடித்து மெதுவாகச் சாத்துவார். பாத்திரம்கூட உருளாது. அடுப்படியில் ஒரு ஆளுக்கு அளந்து அரிசி போட்டுக்கொண்டு, கண்ணாடிக்காரம்மா சில நாள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அந்த மனுஷன் கொஞ்சம் சத்தம் போட்டால் தேவலை என்று இருக்கும்.