அண்ணைக்கு அனுப்பிய கோட்டை

ஒரு சாவுச் செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு பின்னேரம் முழுக்கச் சிரித்திருக்கிறீர்களா?

நான் சிரித்தேன். பாரிசிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி, கோதுமை வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பழைய கோட்டையில். அடுத்த நாள் என் மகள் சிவானிக்கு அங்கேதான் கலியாணம். மாப்பிள்ளை பாரிசில் பிறந்த பெடியன். ரொறன்ரோவிலிருந்து நானும் மனைவி கமலாம்பிகையும் சிவானியும் போயிருந்தோம்.

அண்ணை வரவில்லை. குலசிங்கம் அண்ணை ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பக்கவாதம் வந்து நான்கு வருடம். கலியாணம் கட்டாதவர். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். சிவானிக்குச் சைக்கிள் பழக்கியவரும் அவர்தான். வெளிக்கிட முதல்நாள் போய்ச் சொன்னேன்.

"போட்டு வா. நான் எங்கை ஓடப் போறன்?" என்றார். "அந்தக் கோட்டையை மட்டும் படம் எடுத்து அனுப்பு. பெரிய மனுசர் படுத்த கட்டில் எப்பிடியெண்டு பாக்க வேணும்."

அதனால் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பிக்கொண்டே நடந்தேன். சுற்றிவர இருந்த அகழி, அதில் நின்ற பாசி, சுழன்று சுழன்று ஏறும் கல்படி, மூக்குடைந்த சிலை. பார்த்ததற்கான நீல அடையாளம் ஒன்றுக்கும் வரவில்லை. ரொறன்ரோவில் அப்போது காலை ஒன்பது மணி. இன்னும் எழும்பவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் சம்பந்தி தியாகலிங்கம். முப்பது வருடம் பாரிசில் ரெஸ்ரோறன்ற் குசினியில் நின்றவர். வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னால் அவர் தமிழில் பத்து வசனம் சொல்வார்.

"சம்பந்தி, நாப்பத்தெட்டு அறை. ஒரு கக்கூஸ் இல்லை! சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் பிரபுவுக்குப் பின்னாலை திரிஞ்சிருக்கிறான். உதுதான் இவையின்ரை நாகரிகம்."

"நாளைக்கு எங்கடை ஆக்களுக்கு இருக்கோ?" கமலாம்பிகை பயந்துபோய்க் கேட்டாள்.

"இப்ப கட்டி வச்சிருக்கினம் தங்கச்சி. இருநூறு பேர் சோறு தின்னப் போகினம், நான் பாக்காமல் விடுவனோ?"

மேல்மாடியில் பிரபுவின் படுக்கையறை. கட்டில் என் மகளுக்கே காணாது, அவ்வளவு குட்டை. நீட்டி நிமிர்ந்து கிடப்பது பிணம் கிடப்பதுபோல என்று அந்தக் காலத்து ஆட்களுக்குப் பயமாம். தலையணைகளில் சாய்ந்து, இருந்தபடியே நித்திரை கொள்வார்களாம். அப்படித்தான் வழிகாட்டி சொன்னாள். கட்டிலைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன் அடித்தது. அண்ணையின் நம்பர்.

"அண்ணை, கட்டிலைப் பாத்தியளே?"

"அங்கிள், நான் மக்டலீன்." இல்லத்தில் அண்ணையைப் பராமரிக்கிற தமிழ்ப் பிள்ளை. "காலமை தேத்தண்ணி கொண்டு போனன். கதிரையிலை இருந்தபடியே... குலம் அங்கிள் போயிட்டார். இந்த ஃபோன் மடியிலை கிடந்தது. உங்கடை படங்கள் வந்துகொண்டே இருக்குது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அங்கிள்."

ஜன்னலடிக்குப் போனேன். கீழே புல்தரையில் மணவறை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூடப்பிறந்தவர் செத்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. நல்ல காரியம் ஒன்றும் செய்யக் கூடாது. நான் வாய் திறந்தால் கலியாணம் நின்றுவிடும். சம்பந்தி வீட்டில் இதெல்லாம் கடுமை. ஒரு சித்தி செத்ததற்கு மூத்த மகனின் கலியாணத்தை ஒன்பது மாதம் தள்ளி, கடைசியில் அது குழம்பியே போனது. வாய் திறக்காவிட்டால் துடக்குக் கையால்தான் என் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். அண்ணை யாருமில்லாதவர் மாதிரிக் குளிர்ப்பெட்டியில் கிடப்பார்.

"பிள்ளை, நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றேன்.

அவளும் எங்கள் ஊர்ப்பிள்ளைதான். "விளங்குது அங்கிள். ஆனா கொண்டுபோக ஆக்கள் வரப் போகினம். முகத்தை வீடியோவிலை காட்டட்டோ? ஒருக்காப் பாருங்கோவன்."

"வேண்டாம். பாத்தால் அழுதிடுவன்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தியாகலிங்கம் பின்னால் நின்றார்.

"ஆர், அண்ணையோ? என்னவாம்?"

"கட்டில் சின்னனாம்," என்றேன்.

"கனடாக்காரருக்கு எல்லாம் சின்னன்தான்!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். "வாங்கோ, எல்லாரும் நிண்டு அவருக்கு ஒரு படம் அனுப்புவம். வராத மனுசன், ஏங்கிப் போயிருப்பார்."

சிவானி என் தோளில் சாய்ந்துகொண்டு ஃபோனைப் பிடித்தாள். "அப்பா, ஸ்மைல்! பெரியப்பாவுக்கெல்லோ!"

எடுத்தாள். என் ஃபோனிலிருந்து அவளே அனுப்பினாள். ஒரு நிமிடம் போயிருக்கும். எல்லாப் படங்களுக்கும் ஒன்றாக நீல அடையாளம் வந்தது.

"லுக் அப்பா! பெரியப்பா பாத்திட்டார்!"

மக்டலீன் ஏன் திறந்து பார்த்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

சாவு கேட்டால் தலை முழுக வேண்டும். இருநூறு பேருக்கென்று கட்டிவைத்த அந்தக் கக்கூசுக்குள் நான் போய் முகத்தை மட்டும் கழுவினேன். சவர்க்காரத்தில் ரோசாப்பூ வாசம். வெளியே வந்தபோது, ஏன் கண் சிவந்திருக்குது என்று கமலாம்பிகை கேட்டாள். சவர்க்காரம் பட்டது என்றேன். என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே என்று, விசயம் தெரிந்த பிறகு, ரொறன்ரோவில் ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. சிவானிக்கு ஒரு காய்ச்சல், தடிமன் என்று கேள்விப்பட்டாலும் நான் என் கையைத்தான் பார்க்கிறேன்.

அடுத்த நாள் காலை ஒன்பது இருபதுக்கு முகூர்த்தம். ரொறன்ரோவில் அப்போது விடியப்புறம் மூன்று இருபது. ஐயர் சொன்னபோது மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். கமலாம்பிகை தண்ணீர் வார்த்தாள். மாப்பிள்ளை தாலி கட்டினார். பத்தரைக்குச் சாப்பாடு தொடங்கியது.