செந்தூராவுக்குள் ஒரு சத்தம்

சிவராஜ் மெஷின் ரம்பத்தோடு தோப்புக்குள் நுழைந்தபோது, சுகுணா சோப்பு டப்பாவுக்குள் கடைசி ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவன் வெட்ட வந்தது அவளுடைய மரத்தை. கல்யாணமாகி குந்தாரப்பள்ளிக்கு வந்த வருஷம் அவள் தன் கையால் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த செந்தூரா மா. இப்போது அதன் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. போன மாதம் பக்கத்து மரமும் இப்படித்தான் தூள் தள்ளியது. வெட்டிப் பார்த்தால் அடிமரமெல்லாம் தண்டுப்புழு. தோப்பு முழுக்கப் பரவுவதற்குள் இதையும் வெட்டிவிட வேண்டும் என்று மாமனார் கோவிந்தப்பன் முடிவுகட்டிவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

"பத்து நிமிசம் குடுங்க மாமா. புழு எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்றேன்."

"ஏம்மா, கேட்டா அது பதில் சொல்லுமா?"

சுகுணாவுக்கு ஓசூர் கம்பெனி ஒன்றில் சென்சார்களுக்கு ஒயர் பற்றவைக்கும் வேலை. புழு மரத்தை மென்றால் சின்னதாக ஓர் அதிர்வு இருக்கத்தானே வேண்டும்? அதைப் பிடிக்கக் காசளவு சென்சார் தகடு, பிடித்ததைப் பெரிதாக்கிக் கேட்க டப்பாவுக்குள் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பீக்கர். ஒரு வாரமாகத் தூக்கத்தைவிட்டுச் செய்தது. தகட்டை அடிமரத்தில் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, சுவிட்சைப் போட்டாள்.

மரம் கன்னடத்தில் மழை நிலவரம் வாசித்தது.

சிவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, மரம் பெங்களூருக்கே போயிடுச்சு!"

சுகுணா தலையில் அடித்துக்கொண்டாள். உலோக உறை போடாத ஒயர் ரேடியோவைப் பிடித்திருக்கிறது. தினமும் நானூறு ஒயருக்கு உறை மாட்டுகிறவள், தன் ஒயருக்கு மாட்ட மறந்துபோனாள்! சிவராஜின் சப்பாத்திப் பொட்டலத்தைப் பிடுங்கி, அந்த வெள்ளித்தாளை ஒயரில் சுற்றி, முனையை பேட்டரியின் மைனஸில் முறுக்கினாள். ரேடியோ அடங்கியது.

அடிமரத்தில் ஒரு சத்தமும் இல்லை. தகட்டைக் கழற்றி, கிளை பிரியும் கவட்டையில் வைத்தாள். அங்கும் இல்லை.

"டப்பா செத்துப்போச்சு," என்றார் கோவிந்தப்பன்.

அவள் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். ஸ்பீக்கர் கரகரவென்று அலறியது. டப்பா உயிரோடுதான் இருந்தது. தகட்டை மேற்குக் கிளையில் அழுத்தினாள்.

கறுக்... கறுக்... கறுக்...

"மெல்லுது மாமா! மெல்லுது!" சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தக் கிளைய மட்டும் வெட்டச் சொல்லுங்க. உள்ள புழு இல்லன்னா மரத்தையே சாச்சிடுங்க. நான் வாயத் தெறக்கல."

கோவிந்தப்பன் தலையசைத்தார். ரம்பம் உறுமியது, கிளை விழுந்தது. சிவராஜ் அதைக் கொடுவாளால் பிளந்தான். சுண்டுவிரல் தடிமனில் வெள்ளைப்புழு ஒன்று வெயிலில் நெளிந்தது.

கோவிந்தப்பன் மருமகள் கையிலிருந்து டப்பாவை வாங்கி, அடிமரத்தில் சாண் சாணாகத் தகட்டை வைத்துக் கேட்டார். குனிந்து வேர் வரைக்கும் கேட்டார். மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வந்தார்.

"ஒண்ணுமே கேக்கலடா!" என்று தோப்பே அதிரக் கத்தினார். "டேய் சிவராஜு, ரம்பத்த மூட்ட கட்டிட்டுக் கெளம்பு!"