ஊசி புகுந்த அறை

"நாலாவது தடவையும் ஊசிதான், அண்ணி."

எக்ஸ்ரே அறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்த நாத்தனார், படிகச் சோதனைக் காகிதத்தை மேசையில் போட்டாள். அண்ணி அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஆய்வுக்கூடத் தலைவர் உட்பட எல்லாருக்குமே அவள் அண்ணிதான்.

"சதவீதம்?"

"அதெல்லாம் அச்சு அசலா இருக்கு. கோபால்ட் அதே, கார்பன் அதே. எண்ணிப் பார்த்தா ஒண்ணுதான். கோத்திருக்கிற விதம்தான் வேற."

கோபால்ட் முடிச்சு, நடுவே நீளக் குச்சி போல ஒரு மூலக்கூறு. இப்படியே கோத்துக்கொண்டு போகும் வலைக்கு அணைவுப் பலபடி என்று பெயர். போன வருடம் அண்ணிக்குக் கிடைத்தது தகடு தகடான படிகம். உள்ளே அறை அறையாக வெற்றிடம். வாயுவை அடைத்து வைக்கலாம். 'நிலையான வலை' என்று தலைப்பிட்டு ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரையும் அனுப்பிவிட்டாள்; அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் ஒரு குழாயில் ஊசிப் படிகம் வளர்ந்தது. தகட்டின் மாற்றியம் அது, அதே பொருள் வேறு கோப்பில்: ஒரு வலைக்குள் இன்னொரு வலை நுழைந்து, மூச்சு விட இடமில்லாத நெருக்கம். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் ஊசி. மாதக் கடைசிக்குள் ஒரு கிராம் தகட்டை வாயு அளக்கும் கூடத்துக்கு அனுப்பாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். மூன்று வருட உழைப்பு.

"குழாயெல்லாம் புதுசு. ரூமையும் மாத்தியாச்சு. இன்னும் என்னதான் செய்யறது?"

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்கதான் அண்ணி மாறல. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு எல்லாம் ஊசியாவே வளரும். உங்க முடியில, கோட்டுல, செருப்புல அதுதான் இருக்கு. நீங்க இல்லாத இடத்துல செய்யணும்."

"உங்க அண்ணன் ஸ்கூல் லேப்ல?"

"அவன் துணியும் உங்க துணியும் ஒரே வாளியிலதானே ஊறுது!"

சிரிக்கக்கூடத் தெம்பில்லை அண்ணிக்கு. அடுத்து வரப்போகிற பெயர் யாருடையது என்று இருவருக்கும் தெரியும். சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் ஓரகத்தி. பேச்சு நின்று நாலு வருடம்.

மறுநாள் மத்தியானம் அண்ணி அவளுக்குப் போன் செய்தாள்.

"அக்காவா? நம்பர் தப்பா அழுத்திட்டீங்களா?"

"இல்லடி. உன்னால ஒரு காரியம் ஆகணும்."

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு ஓரகத்தி சொன்னாள்: "அந்த லேப்ல எனக்கு வேலை கிடைக்க இருந்தப்ப, 'அவ கை அவசரம், படிகம் வளர்க்க லாயக்கில்ல'ன்னு சொன்னது யாருக்கா?"

"நான்தான்."

"மறந்திருப்பீங்களோன்னு பார்த்தேன்."

"சொன்னது தப்பு. இதை அப்பவே சொல்லியிருக்கணும்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது; இயந்திர இரைச்சல் அடங்கியது. "சரி, செய்முறையை அனுப்புங்க," என்றாள் ஓரகத்தி கடைசியில்.

ரசாயனங்கள் கடையிலிருந்து மூடி திறக்காமல் நேரே சோப்புத் தொழிற்சாலைக்குப் போயின. பத்து நாள் அண்ணி எந்தக் குழாயையும் தொடவில்லை. பதினோராம் நாள் போன் வந்தது.

"தகடுக்கா! ஒரு ஊசி இல்ல. சும்மா கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுது. வந்து பாருங்களேன்."

"நான் வரக்கூடாதுடி."

"இன்னுமா கோவம்க்கா?"

"ஐயோ, அதில்ல! நான் வாசல்ல வந்து நின்னாலே உன் ரூம்லயும் ஊசி புகுந்துடும். தகடு பத்திரமா வாயு அளக்கிற கூடத்துக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் வரேன்."

ஓரகத்தி சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு குரல் இறங்கியது. "உங்க கட்டுரையைப் படிச்சேன். 'நிலையான'ன்னு போட்டிருக்கீங்க. உங்க ரூம்ல ஒண்ணுகூட நிக்கலையே. நெருக்கமாக் கோத்த ஊசிதானே நிலையானது? அது பக்கத்துல இல்லாத வரைக்கும்தான் இந்தத் தகட்டுக்கு ஆயுசு. அந்த வார்த்தையோட போகணும்னா நான் தகட்டை அனுப்ப மாட்டேன்."

"அந்த வார்த்தைக்காகத்தான்டி கட்டுரையையே ஏத்துக்கிட்டாங்க."

"தெரியும்."

அண்ணிக்கும் தெரிந்த விஷயம்தான். ஊசி வந்த அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே நாலு தடவை குழாய் மாற்றியிருக்கிறாள். கோப்பைத் திறந்தாள். தலைப்பிலிருந்து அந்த வார்த்தையை எடுத்தாள். உள்ளே பதினேழு இடங்களில் எடுத்தாள். ஊசியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாள். படிகம் வளர்த்தவர் என்று தன் பெயருக்கு முன்னால் ஓரகத்தியின் பெயரை எழுதி, பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளுக்கே அனுப்பினாள்.

"படிச்சியா?"

"படிச்சேன். இப்ப பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. பத்திரிகைல வேண்டாம்னு சொல்லிட மாட்டாங்களாக்கா?"

"சொன்னாலும் சொல்வாங்க. நீ தகட்டை அனுப்பு."