வடையைக் கழுவிச் சாப்பிட்டவர்

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும், ஜெயமலர்."

"இண்டைக்கு அமாவாசை, அண்ணை. நாளைக்குக் கேளுங்கோ."

"நாளைக்குக் கேட்டால் பதில் வேறையோ?"

"கேள்வியே என்னெண்டு தெரியாது. அதுக்குள்ளை பதிலைப் பற்றி என்ன கதை?"

இது இரண்டு வருடங்களுக்கு முன், சுவிஸில், ரைன் ஆற்றங்கரையில், எங்கள் இரண்டு நாய்களும் ஒரே மரத்தை மோந்துகொண்டு நின்றபோது நடந்த உரையாடல். நான் சொன்னபடியே மறுநாள் பத்மநாதன் என் வாசலுக்கு வந்தார். அயன் பண்ணிய சேர்ட், படிய வாரிய தலை. இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"உங்களிட்டைக் கறிவேப்பிலை இருக்கோ?" என்று கேட்டார்.

ஒரு நெட்டு முறித்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். கறிவேப்பிலை கேட்பதற்கு ஒருவர் சேர்ட் அயன் பண்ணி வருவார் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் கறிவேப்பிலை கேட்கிறார். ஷாஃப்ஹவுசனிலேயே அதிகம் கறிவேப்பிலை போட்டுச் சமைக்கிற வீடு அவருடையதாகத்தான் இருக்கும்.

பத்மநாதன் என் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் சமையற்காரர். அவருடைய மனைவி விவாகரத்து எடுத்துக்கொண்டு கனடா போய்ப் பத்து வருடமாகிறது. நான் முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். என் கணவர் வரதராசா ஐந்து வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். பத்மநாதனும் நானும் தினமும் காலையில் ஒன்றாக நடப்பது நாய்களுக்காக மட்டுமே. கோயிலில் கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். அவர்களும் மிகவும் மரியாதையாக நம்பாமல் இருக்கிறார்கள்.

நாய்களைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னுடையது பிஸ்கட். "ஆறு மாதம் மட்டும்தான், அம்மா" என்று சொல்லி என் மகள் லக்சாயினி விட்டுவிட்டு பேர்ணுக்குப் படிக்கப் போனாள். அந்த ஆறு மாதம் இப்போது நாலாவது வருடத்தில் நடக்கிறது. ஒரு பூனையளவுதான் இருக்கும், ஆனால் தன்னை ஒரு பொலிஸ்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பத்மநாதனுடையது ஐம்பது கிலோ எடையுள்ள மலைநாய். பெயர் வீரன். வீரன் பயப்படுகிறவை: குடை, தூசி உறிஞ்சி, பனியில் செய்த பொம்மை, பிஸ்கட்.

கறிவேப்பிலைக்கு மேலே நான் ஏன் பேச்சை வளரவிடவில்லை என்று கேட்டால், காரணம் ஒரு தட்டு.

ஒவ்வோர் அமாவாசைக்கும் மரக்கறி சமைத்து வரதராசாவின் படத்துக்குப் படைப்பேன். காகத்தின் பங்கைப் பின்வளவு மேசையில் வைப்பேன். முறைப்படி அது மதியத்தில் செய்யவேண்டியது. ஆனால் எனக்கு வேலை நாலு மணிக்கு முடியும், சமைத்து முடிய ஏழாகிவிடும். "மார்கழியிலை ஏழு மணிக்குக் கும்மிருட்டு. காகம் டோர்ச் லைட் பிடிச்சுக்கொண்டோ வாறது?" என்று பத்மநாதன் ஒருமுறை கேட்டார். "செத்தவைக்கு ஷிப்ட் இல்லை, அண்ணை. எப்பவும் வருவினம்" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

ஏனென்றால் விடியும்போது தட்டு வெறுமையாக இருக்கும். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, எல்லாம் போயிருக்கும். உயிரோடு இருந்தபோது உப்புக் குறைவு, புளி கூட என்று சொல்லாமல் ஒரு கவளம் வாயில் வைக்காத மனிதர், செத்த பிறகு தட்டை வழித்துத் துடைத்துவிட்டுப் போகிறார் என்றால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மாறாக, கடைசியில் என் சமையல் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மாதாமாதம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற கணவரை வைத்துக்கொண்டு, இன்னொருவரை எந்தக் கதிரையில் இருத்துவது? அதனால் பத்மநாதனுக்குக் கறிவேப்பிலை மட்டும் கொடுத்தேன்.

போன மாத அமாவாசை ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை ஐந்தரைக்கு, நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, பிஸ்கட்டோடு பின்கதவைத் திறந்தேன். வேலியிலுள்ள இடைவெளியால் பத்மநாதனும் வீரனும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள்.

மேசையில் ஒருவர் இருந்தார்.

உருண்டையான சாம்பல் நிற உடம்பு, வளையம் வளையமாகப் பட்டை போட்ட வால், கண்களைச் சுற்றிக் கறுப்பு. கத்தரிக்காயை முடித்துவிட்டு வடைக்கு வந்திருந்தார்.

பிஸ்கட் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. சரியாக இரண்டு மீற்றருக்கு முன்னால் நின்றது. பிறகு என்னைப் பார்த்துக் குரைத்தது, மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் உடனே பிடித்துவிடுவேன் என்பதுபோல. வீரன் ஒரு தரம் பார்த்தான், யோசித்தான், சுற்றி வந்து என் பின்னால் ஒளிந்தான். ஐம்பது கிலோவையும் என் வலது காலின் மேல் வைத்து இருந்தான். அந்தப் பிராணி இரண்டு நாய்களையும் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. அகதி விண்ணப்பத்தை நீட்டியபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னைப் பார்த்த அதே பார்வை.

பிறகு அது வடையை இரண்டு கைகளாலும் எடுத்தது. கீழே இறங்கி, பிஸ்கட்டின் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போய், பிஸ்கட்டின் தண்ணீர்ச் சட்டியில் வடையை முக்கியது. அலசியது. பிழிந்தது. திருப்பிப் பார்த்து, மறுபடியும் அலசியது.

வரதராசா என் வடையைக் கடதாசித் துவாயில் வைத்து இப்படித்தான் பிழிவார். "எண்ணெய், ஜெயமலர், எண்ணெய்" என்பார். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் நான் கலைந்திருந்த தலைமயிரைச் சரிசெய்தேன்.

அது வடையைத் தின்று முடித்தது. வயிற்றைச் சொறிந்தது. பேரிக்காய் மரத்தில் ஏறி மதிலுக்கு அப்பால் போய்விட்டது. வால் மறைந்த பிறகு வீரன் மிகக் கம்பீரமாக ஒரு தரம் குரைத்தான்.

"வாஷ்பேர்," என்றார் பத்மநாதன். "கழுவுற கரடி எண்டு அர்த்தம், இங்கிலீசிலை ரக்கூன். ஜேர்மன் எல்லையாலை வந்திருக்கும்."

"பேப்பர் ஒண்டும் இல்லாமலோ?"

"எங்களை மாதிரித்தான். ஆனால் எங்களுக்கு முகாமிலை வடை தரேல்லை."

அவர் குரலில் வியப்பு என்பதே இல்லை. அதுதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

அவர் நாய்ச் சங்கிலியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். "போன புரட்டாதியிலை கண்டனான்."

"ஒன்பது மாதமா ஏன் சொல்லேல்லை?"

"தட்டு வெறுமையாக் கிடந்தால், அண்டைக்கு முழுக்க நீங்கள் சிரிச்ச முகமா இருப்பியள்," என்றார். "அதை நான் ஏன் கெடுக்க?"

நான் தோட்டத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். வரதராசா வரவில்லை. ஒரு அமாவாசைக்கும் வரவில்லை. உப்புச் சரி என்று யாரும் சொல்லவில்லை. அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன். பிஸ்கட் வந்து என் மடியில் ஏறியது. திருடனைத் தானே துரத்தியதாக அதற்கு நினைப்பு.

பத்மநாதன் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் குழாயடிக்குப் போய்க் கழுவினார். சமையற்காரரின் கழுவல், விளிம்பு, அடி, மறுபடி விளிம்பு. இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் ஓர் ஆண் என் தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை. மாதாமாதம் வந்த விருந்தாளி கழுவியது வடையை மட்டும்தான்.

அவர் ஒன்பது மாதம் வாயை மூடியிருந்திருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கணவரை இந்த மேசையிலிருந்து எழுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு நெட்டுக் கறிவேப்பிலையோடு நின்றுகொண்டார்.

தட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல் தெரியும்.

"ஜெயமலர், உங்களிட்டைக் கறிவே..."

"முடிஞ்சுது."

"முழுக்கவோ?"

"முழுக்க. பத்மநாதன், அண்டைக்கு ஆத்தங்கரையிலை என்ன கேக்க வந்தனீங்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அண்ணை என்ற சொல்லை விட்டுவிட்டதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை எனக்கு வேலையில்லை," என்றார். "ஒரு ஆளுக்கெண்டு சமைக்கிறது கஷ்டம். நான் சமைக்கிறன், நீங்கள் வந்து இருந்து சாப்பிட்டால்..."

"சாப்பாட்டுக்கோ கூப்பிடுறியள்?"

"ஓம். இல்லை. அதுவும்தான்."

"இஞ்சை பாருங்கோ. அஞ்சு வருசமாத் தட்டைப் பாத்துப் பதில் கண்டுபிடிச்சவள் நான். எனக்குப் பதில் சொன்னது ஒரு வாஷ்பேர். இனி எனக்குத் தட்டும் வேண்டாம், கறிவேப்பிலையும் வேண்டாம். வாயாலை சொல்லுங்கோ."

அவர் ஈரக் கைகளைக் காற்சட்டையில் துடைத்தார். அன்று சேர்ட் அயன் பண்ணியிருக்கவில்லை, முழங்கை வரை நனைந்திருந்தது. வீரன் மறுபடியும் என் காலின் மேல்தான் வந்து இருந்தான். எழுந்து போக நினைத்தாலும் என்னால் முடிந்திருக்காது.

"என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ, ஜெயமலர்?" என்றார் பத்மநாதன்.