எத்தனை விரல்?

சேவுகனுக்கு இடது கண் எட்டு வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில், தை மாதம் கதிரடிக்கும்போது நெல் சுணை தெறித்து விழுந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்! உறுத்தலுக்குத் தாய்ப்பால் பீச்சினார்கள். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள். கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாய்ப் புண் கிளம்பிய பிறகுதான், ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெண்சாதி ராக்காயி கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டாள்.

காலையில் நர்ஸ் செபமாலை கண்ணில் போட்ட கட்டை அவிழ்ப்பாள். டாக்டர் கையைத் தூக்கி, "எத்தனை விரல்?" என்று கேட்பார். முதல் நாள் புகைக்குள் தெரிவதுபோல் விரல்கள் தெரிந்தன, சரியாகவே சொன்னான். அதன் பிறகு செபமாலை சொட்டு மருந்து விட்டாள். விட்ட கொஞ்ச நேரத்தில் புகை இன்னும் கெட்டியாகிவிட்டது. கண்ணைக் குணமாக்குகிற மருந்து பார்வையைக் குறைக்குமா? இது என்ன கூத்து என்று அவனுக்கு விளங்கவில்லை.

"கண்ணுக்கு ஓய்வு குடுக்குற மருந்துங்க. கொஞ்ச நாளைக்கு மங்கலாத்தான் இருக்கும்" என்றாள் செபமாலை.

அடுத்த கட்டில் வீரய்யாவுக்கு இது போதாதா? வெறும் வாயை மெல்லுகிற மனுஷருக்கு அவல் கிடைத்தது.

"வெரல் கணக்குத் தப்புச்சுன்னா கண்ணைத் தோண்டி எடுத்துருவாங்கப்பா. போன வாரம் ஒரு கட்டுமாவடி மீன்காரனுக்கு அப்புடித்தான் ஆச்சு."

ராக்காயிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு, போர்வைக்குள் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். டாக்டர் மூன்று விரல் காட்டினார். அவள் மூன்று தடவை அழுத்தினாள்.

"மூணுங்க" என்றான் சேவுகன்.

அதற்கடுத்த நாள் இரண்டு. அதற்கும் அடுத்த நாள் ஐந்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "புண்ணு அகலமாயிட்டே போகுது, பார்வை மட்டும் குறையலையே. எனக்கே ஒண்ணும் பிடிபடலை" என்றார் செபமாலையிடம். "பார்வை போயிருந்தா இன்னைக்கே புண்ணை மருந்தால சுட்டிருப்பேன். சுட்டாத் தழும்பு விழும். இருக்குற பார்வையைக் கெடுத்த மாதிரி ஆயிடும். பொறுத்துப் பார்ப்போம்."

சேவுகனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் சுடுவார்களா, தோண்டுவார்களா? அதோடு இன்னொரு குழப்பம் வேறு. ராக்காயி அழுத்த அழுத்த அவனுக்கு விரல்கள் தெரியவும் செய்தன! மூன்று அழுத்தல் என்றால் புகைக்குள் மூன்று நிழல். பார்த்தது கண்ணா, கையா? பாவி மனுஷன், கண்தான் என்று நம்ப ஆசைப்பட்டான்.

"எனக்கு நெசமாவே தெரியுது புள்ள."

"அப்பறம் என்னங்க? ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்றாள் ராக்காயி. அவள் குரலில்தான் தைரியம் இல்லை.

இரண்டு நாள் அந்த எண்ணம் அவனை அரித்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் கையை விலக்கினான். "நீ அங்கிட்டுப் போயி நில்லு. எங்கண்ணு என்ன சொல்லுதுன்னு நானே பாத்துக்கிறேன்."

"வேணாங்க..."

"போ புள்ள."

அவள் வாசற்படியோரம் போய் நின்றாள். கட்டு அவிழ்ந்தது. வெளிச்சம் வந்து முகத்தில் விழுந்தது. சேவுகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். புகைக்குள் ஒன்று அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு. யாரும் கையைத் தொடவில்லை, ஆனாலும் தெரிந்தது! சந்தோஷத்தில் அவனுக்கு நாக்குக் குழறியது.

"நாலுங்க எசமான்! நாலு வெரலு!"

"நான் இன்னும் கையையே தூக்கலையேப்பா" என்றார் டாக்டர்.

ராக்காயி ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள். போர்வைக்குள் நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. டார்ச்சை அணைத்தார்.

"இப்ப சுடுங்க எசமான்" என்றான் சேவுகன். "நான் தாங்கிக்கிறேன்."

"சுடத்தான் போறேன். முழியைக் காப்பாத்திடலாம். பார்வை இனி வராதுப்பா."

சேவுகன் டாக்டர் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அப்ப நான் பாத்தது யாரு வெரலுங்க?" என்று கேட்டான்.