வாசிப்பவள் அழுத பக்கம்

தன் நாவலை ஒலிநூலாகப் பதிவு செய்யும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிடிவாதமாக அனுமதி கேட்டு வாங்கியிருந்தார். அந்த அம்மாளுக்குத் தன் எழுத்தின் மேல் நிலையான அபிப்பிராயம் கிடையாது. “காலைல மேதை, சாயங்காலம் மண்ணாங்கட்டி” என்று கணவர் கேலி செய்வார்.

பதிவு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசிக்கும் பெண். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் எழுத்தாளரும். மூன்றாம் அத்தியாயத்தோடு எழுத்தாளர் ஒரு வருடம் மல்லுக்கட்டியிருந்தார். அதை வாசிக்கையில் அந்தப் பெண் கொட்டாவியை விழுங்கினாள். எழுத்தாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பிறகு, அச்சுக்குப் போகும் அவசரத்தில் ஒப்புக்கு எழுதிச் சேர்த்த பக்கம் வந்தது. ஒருத்தி இறந்துபோன கணவனின் சட்டைகளை மடித்து வைக்கிறாள், அவ்வளவுதான். பாதியில் குரல் உடைந்தது. அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே போய்விட்டாள்.

“உங்க எழுத்து ஆளையே அசைச்சிருச்சு மேடம்” என்றார் ஒலிப்பதிவாளர். அன்றைக்குப் பதிவு அத்தோடு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் எழுத்தாளர் கணவரிடம், “நான் நல்லாயிருக்குன்னு நெனச்சதெல்லாம் குப்பை. குப்பைன்னு ஒதுக்கினதுதாங்க எழுத்து” என்றார்.

“ஒரே நாள்ல எப்படி முடிவு பண்றே?”

எழுத்தாளர் கேட்கவில்லை. அடுத்த நாவலில் எழுதி முடித்திருந்த பாதியைக் கணினியிலிருந்து அடியோடு அழித்தார். சட்டை மடிக்கும் பக்கத்தின் பாணியில் புதிதாகத் தொடங்கினார். கை கடகடவென்று ஓடிற்று.

அடுத்த வாரம், பதிவின் இடைவேளையில் டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டார்.

“அன்னைக்கு அழுதியே, அந்தப் பக்கத்துல என்னம்மா அப்படிப் பட்டுச்சு?”

“எந்தப் பக்கம்க்கா?” பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. “ஐயோ, அது கதைக்காக இல்லக்கா. அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வந்திருந்தேன். என்ன படிச்சேன்னே மனசுல ஏறல.”

அம்மாவைப் பற்றி விசாரிக்கத்தான் எழுத்தாளர் வாயைத் திறந்தார். வந்ததோ வேறு.

“அப்போ அந்தப் பக்கம் நல்லா இல்லையா?”

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கும்க்கா” என்று கோப்பையைக் கழுவ எழுந்து போனாள்.

எழுத்தாளருக்குக் காது சுட்டது. பின்னாலேயே போய், “அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்றார்.

“பரவால்ல” என்றாள் அவள், குழாயைத் திருகியபடி, திரும்பாமலே.

வீடு திரும்பி, புதிதாக எழுதியதைத் திறந்து படித்தார். நன்றாக இருப்பதாகவும் பட்டது, ஒன்றுமே இல்லாததாகவும் பட்டது. கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் நிதானமாகக் கடைசிவரை படித்தார்.

“நல்லாயிருக்கு.”

“நிஜமாவா?”

“நான் எதைச் சொன்னா நீ நம்புவே?”

எழுத்தாளர் கணினியைத் தன் பக்கம் இழுத்து, அழித்த பாதி எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.