நாற்பத்தோரு நாள்

வெளிநாட்டு நிறுவனங்களையும் அவற்றின் பெரிய அதிகாரிகளையும் இழுத்து வர அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்திருந்தது. இங்கே வந்து வேலை பார்ப்பவருக்கு ஐந்து வருடம் பாதி வரிதான். வெளிநாட்டில் போய் உட்கார்ந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கும் அது உண்டு. ஆனால் முந்தைய ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட முப்பது நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் இங்கே தங்கியிருக்கக் கூடாது.

அந்த முப்பதுக்குக் காரணகர்த்தா வரி அலுவலகக் கண்காணிப்பாளர். எத்தனை நாள் வைக்கலாம் என்று கூட்டத்தில் மேலதிகாரி கேட்டபோது, "முப்பது போதும் சார். ஒரு மாசத்துக்கு மேல தங்குறவன் விருந்தாளியே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக அது விதியாகிவிட்டது. மனுஷனுக்கு அன்றைக்கு வாயில் சனி.

இப்போது அவர் மேசையில் சொந்த மகளின் விண்ணப்பம். அவள் வேலை பார்க்கும் இயந்திர நிறுவனம் இங்கே தொழிற்சாலை திறக்கிறது, அதற்குத் தலைமை தாங்க அவளை அனுப்புகிறது. "சலுகை கிடைச்சா வந்துடுறேம்பா. இல்லேன்னா இன்னும் மூணு வருஷம் போகட்டும்" என்று சொல்லியிருந்தாள். அவள் அம்மா அதற்குள் அவள் அறைத் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

'விருந்தினராகத் தங்கிய நாட்கள்' என்ற கட்டத்தில் மகளின் கையெழுத்தில் நாற்பத்தொன்று என்றிருந்தது.

இரண்டு வருடம் முன்பு அம்மாவின் இதய அறுவை சிகிச்சைக்கு வந்தவள் அவள். மூன்று வாரத்தில் கிளம்ப இருந்தவளை, "அம்மா மாடிப்படி ஏறட்டும், அப்புறம் போ" என்று பிடித்து வைத்தது இவரேதான். அந்தக் கூட்டம் நடந்ததும் அதே நாட்களில். விதியைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மகள் போட்ட டீயை வாங்கிக் குடித்தார். விருந்தாளிப் பட்டியலில் அவளும் வருவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து மேசை அம்மாள் எட்டிப் பார்த்தாள். "பதினோரு நாள்தானே சார். நடுவுல ஒரு நாள் வெளிநாடு போயிட்டு வந்தாள்னு எழுதிடுங்க. யார் எண்ணப் போறா?"

அவர் பேனா மூடியைத் திறந்தார். பிறகு, 'விண்ணப்பதாரர் என் மகள். வேறொருவர் பரிசீலிக்கவும்' என்று எழுதிக் கோப்பை அவளிடமே நீட்டினார். "விதிப்படி பாரும்மா."

அவள் வெகுநேரம் அதைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் முகத்தைப் பார்க்காமல் நிராகரிப்பு முத்திரையைக் குத்தினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள். "ஏங்க, எனக்கு ஆபரேஷன் ஆனதுக்கு அரசாங்கம் அவளையா தண்டிக்குது?"

"அரசாங்கம் இல்ல. நான்."

மாலையில் மகளிடம் போனில் பூசி மெழுகாமல் சொன்னார். விதியையும், அது பிறந்த கதையையும்.

"எழுதும்போதே தெரியும்பா" என்றாள் மகள். "முப்பதுன்னு போட்டிருக்கலாம். அம்மாவுக்குத் தலை வாரிவிட்ட நாளை எப்படிப்பா குறைச்சு எழுதுறது?"

"அப்போ... மூணு வருஷமா?"

"மூணு வருஷம்னுதான் நெனச்சேன். அந்த நாற்பத்தொண்ணை எழுதினப்புறம் மனசு கேக்கல. முழு வரியும் கட்டிக்கிறேன்னு கம்பெனிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசம் வர்றேன். என் ரூம் இருக்குல்ல?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "இருக்குடி. திரைச்சீலைகூடத் துவைச்சாச்சு."

அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திரும்ப வாங்கினார். சந்தோஷத்தையும் முப்பது வருட உத்தியோகப் பழக்கம் முந்திக்கொண்டது.

"எத்தனை நாள்மா இருப்பே?"

மகள் சிரித்தாள். "நீங்க எண்ணாதீங்கப்பா."